பனையேறியின் இதயம்

சில ஆண்டுகளுக்கு முன்பு இளங்கலை வகுப்பொன்றில் மருதத்திணையை நடத்திக்கொண்டிருந்தோம். வரால், வாளை, கெண்டை, கயல், ஆரல் என்று சங்கப் புலவர் காட்டும் மீன்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வருகையில், பாகூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் மாணவி ஒருவர் எழுந்தார். "ஐயா, பனையேறிக் கெண்டை பனைமரத்தில் ஏறும் என்று எங்கள் தாத்தா சொல்லுவார். அது பாட்டில் வருகிறதா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். "அது பாட்டிலும் வராது, மரத்திலும் ஏறாதம்மா. பெயர் எப்படியோ வந்துவிட்டது" என்று ஒரு விடையைச் சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விட்டோம். அவர் அமர்ந்துவிட்டார். அவ்வாண்டு முழுவதும் அவர் வேறு வினா எதனையும் கேட்கவில்லை என்பது பின்னரே நமக்கு உறைத்தது.

நாம் சிரித்த அதே வினாவை இலண்டனிலும் பாரிசிலும் பெர்லினிலும் இருந்த பேரறிஞர் பலர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சிரிக்காமல் ஆராய்ந்திருக்கிறார்கள். அவ்வாராய்ச்சி தொடங்கிய இடம் நம் காரைக்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அது சென்று முடிந்த இடமோ மீனின் இதயம். தமிழ் படித்தவருக்கு மீனின் இதயத்தோடு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். தவறான விடை சொன்னவருக்குத் திருத்தம் எழுதும் கடமை உண்டு என்பதே நம் மறுமொழி.

தரங்கம்பாடியில் ஒரு மழைக்காலம்

புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குப் பேருந்தில் செல்வோர் கடலூர், சிதம்பரம், சீர்காழி ஆகிய ஊர்களைக் கடந்து, காரைக்காலைச் சேர்வதற்குச் சற்று முன்பு தரங்கம்பாடி வழியே செல்வர். தேர்வுப் பணிக்காக அவ்வழியில் நாம் பலமுறை சென்றதுண்டு. 1620இல் தஞ்சை நாயக்கரின் இசைவு பெற்று டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர் அது. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும்வரை பெரும்பாலும் அவர்கள் கையிலேயே இருந்தது. சீகன்பால்குவின் அச்சுக்கூடத்தை முன்னிட்டு, அவ்வூரின் பெயரைத் தேர்வுத்தாளில் எழுதாத தமிழ் மாணவர் இரார். ஆயின் உயிரியல் வரலாற்றிலும் அவ்வூருக்கு ஓர் இடம் உண்டு என்பதைத் தமிழ்த்துறையார் நாம் அறிந்திருக்கவில்லை.

டேனிஷ் கிழக்கிந்தியக் கும்பினியின் படையில் லெப்டினண்டாக இருந்தவர் டால்டார்ஃப். வண்டுகளையும் பூச்சிகளையும் தேடிச் சேர்ப்பதில் பேரார்வம் உடையவர். அவர் தரங்கம்பாடியில் தொகுத்த பூச்சிகள், அக்காலத்தில் பூச்சியியலின் தந்தையாகக் கருதப்பட்ட ஃபாப்ரிசியசின் கைக்குச் சென்று பெயர் பெற்றன. இத்தகைய கூரிய கண்ணுடையவர் 1791ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் குளக்கரையில் நின்ற ஒரு பனையில் விந்தையான காட்சியைக் கண்டார். நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில், பனையின் பட்டைப் பிளவில் ஒரு சிறுமீன் தொற்றிக்கொண்டிருந்தது. அது கிடக்கவில்லை, ஏறிக்கொண்டிருந்தது. செவுள்மூடியின் முட்களை ஊன்றி உடலைத் தொங்கவிட்டு, வாலை வளைத்து அடித்துடுப்பின் முட்களைப் பட்டையில் பதித்து, உடலை நீட்டி மேலே உந்தியது என்று அவர் எழுதினார். அவர் கை அதைப் பற்றியபோதுதான் அதன் ஏற்றம் நின்றது.

இக்குறிப்பு சர் ஜோசப் பேங்க்ஸ் வழியாக இலண்டன் லின்னேயக் கழகத்துக்குச் சென்று, அதன் வெளியீட்டின் மூன்றாம் தொகுதியில் 1797இல் அச்சேறியது. மீனுக்கு அவர் இட்ட பெயர் 'பெர்கா ஸ்கான்டென்ஸ்'. 'ஸ்கான்டென்ஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'ஏறுகின்ற' என்பது பொருள்.

அதே காலத்தில் தரங்கம்பாடியில் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்னும் செருமானியச் சமயத்தொண்டர் இருந்தார். 1771இல் வந்து 1813இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தவர். சோழமண்டலக் கடற்கரை மீன்களைப் பதப்படுத்தி, பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்னும் மருத்துவருக்கு அனுப்பி வந்தார். கத்தாழை இனத்தைச் சேர்ந்த 'ஜோனியஸ்' என்னும் பேரினப் பெயர் இவர் நினைவாகப் பிளாக் சூட்டியதே. நம் கதையின் மீனுக்கும் பிளாக் 1792இல் 'டெஸ்டுடினியஸ்' என்று ஒரு பெயரிட்டார். ஆமை போன்றது என்று பொருள். இன்று அம்மீனின் முழு அறிவியற்பெயர் 'அனபாஸ் டெஸ்டுடினியஸ்'. முற்பகுதியான 'அனபாஸ்', 'மேலேறு' என்னும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. செனபோனின் 'அனபாசிஸ்' என்னும் புகழ்பெற்ற படையெடுப்பு நூலின் பெயருக்கும் அதே வினைதான் வேர்.

இங்கே ஒரு கணம் நிற்போம். இலத்தீனில் ஏறி, கிரேக்கத்தில் ஏறி, அதற்கு முன்பே தமிழில் பனையேறி. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் இந்திய மீன்களுக்குப் பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே, இதன் தமிழ்ப் பெயர்களாகப் பனையேறியையும் சென்னலையும் குறித்துவைத்தார். ஒரு மக்கட்கூட்டம் ஒரு மீனுக்கு வேலைவெட்டி இல்லாமல் இப்படிப் பெயர் வைத்துவிடுமா? பனையேறி என்பது நம் நாட்டில் ஒரு மனிதத் தொழிலின் பெயருமாகும். காலிலே தளைநார் மாட்டி, மார்பைப் பனையில் அணைத்து, நாளும் பலமுறை உயிரைப் பணயம் வைத்து ஏறியிறங்குகிறவர்தாம் பனையேறி. பனங்கருக்கால் கீறுண்ட அந்த உடலை அறிந்தவர்களே, முள்ளூன்றி நகரும் மீனைக் கண்டு அப்பெயரை இட்டிருக்க வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். மீன்களின் அறிவியற்பெயர்களில் தரங்கம்பாடி ஜான் இருக்கிறார், புதுச்சேரி லெஷெனோ இருக்கிறார். மரத்தடியில் நின்று முதலில் பார்த்தவர் ஊர்ப்பெயரில் மட்டுமே, அதுவும் பெயரில்லாமல், இருக்கிறார்.

புதுச்சேரியும் பாரிசும்

லெஷெனோ என்றோம் அல்லவா? 1793இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரருக்கு வந்த 1816ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்த இயற்கையியலாளர் லெஷெனோ தெ லா தூர். செடிகொடிகளே அவருடைய முதற்காதல் எனினும், 1822இல் நாடு திரும்பும்வரை மீன்களையும் பிற உயிர்களையும் பாரிசு அருங்காட்சியகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கே அவற்றைப் பெற்றவர் குவியே. எலும்பொன்றைக் கொண்டு விலங்கை உருவாக்கிக் காட்டவல்லவர் என்று ஐரோப்பா போற்றிய மேதை. குவியேவும் அவர் மாணவர் வலென்சியெனும் 1828 முதல் எழுதி வெளியிட்ட மீன்களின் இயற்கை வரலாறு என்னும் பல தொகுதி நூலில் 'பொந்திஷேரி' என்னும் நம் ஊர்ப்பெயர் அடிக்கடி வருகிறது. 'புதுச்சேரிச் சுறா' என்றே ஆங்கிலத்தில் அழைக்கப்படுவதும் இன்று அற்றுப்போகும் நிலையில் உள்ளதுமான சுறாவினம், 1839இல் இங்கிருந்து சென்ற மாதிரியைக் கொண்டு பெயர் பெற்றதே.

1831இல் வந்த ஏழாம் தொகுதியில் குவியே பனையேறியின் தலையைத் திறந்து காட்டினார். செவுளுக்கு மேலே ஓர் அறை. அவ்வறைக்குள் ஏடுஏடாக மடிந்து சுருண்ட மெல்லிய எலும்புத் தகடுகள். அவற்றின்மேல் குருதி நாளங்கள் நிறைந்த தோல். புதிர்வழிக் கோட்டைபோல் இருந்ததால் அதற்கு 'லாபிரிந்த்' என்று பெயரிட்டார். உறுப்பைச் சரியாகக் கண்ட குவியே, அதன் பணியைத் தவறாகக் கணித்தார். மீன் தரைக்கு வரும்போது இவ்வறையில் நீரைத் தேக்கிவைத்துச் செவுளை நனைத்துக்கொள்கிறது என்பது அவர் கருத்து. ஒட்டகத்தின் வயிற்றில் தண்ணீர்ப்பை இருப்பதாகச் சொல்லும் கதையைப் போன்றதே இதுவும்.

பேரறிஞர் பிழையைத் திருத்தியவர்களுள் ஒருவர் நம்மைப் போல ஓர் ஆசிரியர் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி. கொழும்புக் கல்விக்கழகத்தின் (இன்றைய ராயல் கல்லூரி) முதல்வராக இருந்த பார்க்ராஃப்ட் போக் 1860களில் இலங்கையின் காற்றுண்ணும் மீன்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். சென்னைப் படையின் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டேயும் அதே காலத்தில் இத்தகைய ஆய்வுகளைச் செய்தார். அவர்கள் செய்தது மிக எளிய சோதனை. மீனை நீருள்ள பாத்திரத்தில் விட்டு, மேற்பரப்புக்கு வரவிடாமல் தடுத்தார்கள். நீருக்குள்ளேயே மீன் மூச்சுத்திணறி இறந்தது. மீன் தண்ணீரில் மூழ்கிச் செத்தது!

அந்த அறை நீர்த்தொட்டி அன்று, மூச்சறை என்பது தெளிவாயிற்று. பனையேறியும் வராலும் தேளியும் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய்க் காற்றை வாங்கிச் செல்வது விளையாட்டு அன்று, பிழைப்பு. அலுமினியக் குண்டானில் அரையங்குல நீரில் வரால்களை நெளியவிட்டு நாளெல்லாம் விற்கும் நம் சந்தை அம்மையாருக்கு இது தெரியும். கெண்டையை அப்படி வைத்து விற்க அவர் ஒருநாளும் முயன்றதில்லை.

கடைசிப் பந்தியில் அமர்ந்த உறுப்பு

இனி இதயத்துக்கு வருவோம். இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டியவர் நம் கல்லூரி விலங்கியல் துறை நண்பர். அவர் விளக்கியதை நம் மொழியில் சொல்லிப் பார்க்கிறோம்.

ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 210 மில்லிலிட்டர் உயிர்வளி உண்டு. 30 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்திருக்கக் கூடியதோ ஏறக்குறைய ஐந்து மில்லிலிட்டர்தான். நாற்பதில் ஒரு பங்கு! நீர் சூடாகச் சூடாக அதுவும் குறையும். உறைநிலையில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் கரையும் உயிர்வளி, 30 பாகையில் 7.6 மில்லிகிராமாகிவிடும். அழுகும் இலைதழை மிகுந்த கோடைக் குட்டையில் இவ்வளவுகூட நில்லாது. இரவெல்லாம் பாசியும் பயிரும் மூச்சுவிட்டுத் தீர்த்தபின், விடியலுக்குச் சற்று முன்புதான் குளத்துநீர் மிகவும் வறுமையாக இருக்கும். மீன் வளர்ப்போர் கருக்கலில் எழுந்து குளத்தைப் பார்ப்பது இதனால்தான்.

மீனின் இதயம் நம் இதயத்தைப் போல இரட்டை வீடு அன்று; ஒற்றை வரிசை வீடு. உடலிலிருந்து வரும் குருதி சிரைப்பையில் சேர்ந்து, மேலறை வழியாகக் கீழறைக்குச் சென்று, அங்கிருந்து செவுளுக்கு உந்தப்படுகிறது. செவுளில் உயிர்வளி ஏற்றபின் இதயத்துக்குத் திரும்பாமல் நேரே உடலுக்குப் போகிறது. மூளை உண்டு, ஈரல் உண்டு, தசை உண்டு, எஞ்சிய குருதியே இதயத்துக்கு வருகிறது. விருந்து சமைத்த தாய் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியைச் சுரண்டி உண்பதுபோல, அனைவருக்கும் குருதியை அனுப்பும் இதயம் கடைசிப் பந்தியில் அமர்கிறது. பெரும்பாலான மீன்களின் இதயத்தசை கடற்பஞ்சுபோல் துளைகள் கொண்டது. தன்னுள் ஓடும் அந்த மிச்சக் குருதியிலிருந்தே அது உயிர்வளியை உறிஞ்சிக்கொள்கிறது.

மீன் அமைதியாக இருக்கும்வரை இந்த ஏற்பாட்டில் குறையில்லை. அது விரைந்து நீந்தும்போதுதான் இடர் தோன்றுகிறது. தசைகள் உழைக்க உழைக்க அவை குருதியிலிருந்து மிகுதியாக உயிர்வளியை எடுத்துக்கொள்கின்றன, மிச்சம் குறைகிறது. இதயம் மிகக் கடுமையாக உழைக்க வேண்டிய அதே கணத்தில்தான் அதன் உணவு மிகக் குறைவாக இருக்கிறது! மீன் எவ்வளவு நேரம், எவ்வளவு விரைவாக நீந்தவியலும் என்பதற்கு இதயமே எல்லைக்கல்லாகிவிடுகிறது. நீரில் உயிர்வளி குறைந்தால் பல மீன்களின் இதயத்துடிப்பு மெதுவாகிவிடும். இருப்பதை வைத்துச் சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் முயற்சி என்று அதனைக் கொள்ளலாம். சிக்கனம் உயிரைக் காக்கும், ஓட்டத்தைத் தராது.

இச்சிக்கலுக்கு இயற்கை இரண்டு வழிகளைக் கண்டது. ஆற்றை எதிர்த்து நீந்தும் சால்மனும் பெருங்கடலில் ஓடும் சூரையும் செவுளிலிருந்து வரும் தூய குருதியை நேரே இதயத்தசைக்குக் கொண்டுவரும் தனி நாளங்களைப் பெற்றுள்ளன. நம் மாரடைப்புக்குக் காரணமான அதே இதயத் தமனிகளின் உறவு அவை. அவற்றுக்கும் எல்லை உண்டு. கனடாவின் ஃப்ரேசர் ஆற்றில் வெப்பம் மிகுந்த கோடைகளில் சிவப்புச் சால்மன்கள் முட்டையிடும் இடத்தை அடையாமல் வழியிலேயே இறப்பதை ஆராய்ந்தவர்கள், வெப்பநீரில் உடலுக்குப் போதிய உயிர்வளியைத் தரவியலாமல் இதயம் தளர்வதை ஒரு முதன்மைக் காரணமாகக் கண்டார்கள். 2011இல் வந்த ஆய்வொன்று, அதே ஆற்றுக்குள்ளும் நெடுந்தொலைவும் கடும் ஏற்றமும் கடக்க வேண்டிய கூட்டத்துச் சால்மன்களுக்கு இதயவலிமை கூடுதல் என்று காட்டியது. நடக்க வேண்டிய வழி எவ்வளவோ அவ்வளவுக்கு இதயம்!

மற்றொரு வழியே நம் குளத்து மீன்கள் கண்ட வழி. பனையேறியிலும் வராலிலும் இதயத்திலிருந்து புறப்படும் பெருநாளம் இரண்டாகப் பிரிகிறது. முன்னது முதலிரண்டு செவுள் வளைவுகள் வழியாகக் காற்றறைக்குப் போகிறது. பின்னது மற்ற வளைவுகள் வழியாக உடலுக்குப் போகிறது. பகல்பூர்ப் பல்கலைக்கழகத்தில் தத்த முன்ஷியும் அவருடன் பணியாற்றியோரும் இம்மீன்களின் மூச்சுறுப்புகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து இந்த நாளப்பின்னலை நுணுக்கமாகக் காட்டினர். காற்றறையில் உயிர்வளி ஏற்ற குருதி அங்கிருந்து உடலுக்குப் போவதில்லை. தலைச்சிரை வழியாக நேரே இதயத்துக்கே திரும்புகிறது. உடலிலிருந்து வரும் கெட்ட குருதியோடு அங்கே கலந்துவிடுகிறது.

முதலில் கேட்கும்போது இது வீண்செலவாகத் தோன்றும். நல்ல குருதியைப் போய்க் கெட்ட குருதியில் கலப்பானேன்? ஆனால் கடைசிப் பந்தியை நினைவிற்கொண்டு பார்த்தால் புதிர் அவிழ்கிறது. கலந்த குருதியானாலும் அது காற்றின் வளத்தோடு இதயத்துக்குள் நுழைகிறது. பனையேறியின் இதயம் மிச்சத்தை உண்ணும் இதயம் அன்று. காலின் ஃபார்மர் என்னும் அமெரிக்க அறிஞர் 1997இல் இதனை இன்னும் விரித்து, முதுகெலும்புள்ள உயிர்களில் நுரையீரல் தோன்றியதே இதயத்துக்கு உணவூட்டத்தான் ஆகலாம் என்று ஒரு கருதுகோளை முன்வைத்தார். உயிர்வளி குறைந்த சேற்றில் பிழைக்கவே மீன் காற்றை உண்ணத் தொடங்கியது என்பது பழைய விளக்கம். உழைக்கும் மீனின் இதயம் தளராதிருக்கவும் அது உதவியது என்பது புதிய விளக்கம். இரண்டும் நம் குளக்கரையில் ஒரே மீனுக்குள் இருக்கின்றன.

1970இல் ஹ்யூஸ், சிங் ஆகிய இருவர் அளந்து பார்த்ததில், நீரும் காற்றும் ஒருங்கே கிடைக்கும்போது பனையேறி தன் உயிர்வளியில் ஏறத்தாழப் பாதியைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்வது தெரிந்தது. ஆகவே மழைநாளில் அது குட்டையை விட்டு வெளியேறி, ஈரத்தரையில் செவுள்முட்களை மாற்றி மாற்றி ஊன்றி அடுத்த குளத்துக்கு நடக்கும்போது மற்ற மீன்களைப்போல் துடித்துச் சாவதில்லை. மற்ற மீனுக்குச் செவுளிதழ்கள் ஒட்டிக்கொள்ளும், மூச்சடைக்கும், இதயம் தளரும். பனையேறிக்கோ ஒவ்வொரு வாய்க் காற்றும் இதயத்துக்கே போய்ச் சேரும்.

பருந்தா, பனையா?

அப்படியானால் பனை ஏறியது உண்மையா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

காற்றுண்ணும் இந்திய மீன்களை விரிவாக ஆராய்ந்து 1927இல் இலண்டன் ராயல் கழகத்தின் வெளியீட்டில் எழுதிய பி.கே. தாஸ், மரத்தில் காணப்பட்ட மீன்களுக்கு வேறொரு விளக்கம் தந்தார். தரையில் நடந்துபோகும் மீனைக் காக்கையும் பருந்தும் கவர்ந்துசென்று மரத்தில் வைக்கின்றன. உயிர் போகாத மீன் அங்கே நெளிகிறது. காண்பவர் அது தானே ஏறியதாக எண்ணிக்கொள்கிறார். அறிவுக்கு ஒத்த விளக்கம்தான். டால்டார்ஃபுக்குப் பிறகு அவரைப் போல் துல்லியமாகக் கண்ட வேறு சான்று வலுவாக வாய்க்காததால் உலகம் தாஸ் பக்கமே சாய்ந்தது.

ஆயினும் பருந்து வைத்த மீன் உச்சியில் அல்லவா இருக்க வேண்டும்? டால்டார்ஃப் கண்டது ஐந்தடி உயரத்தில். நெளிந்ததை அவர் சொல்லவில்லை; துடுப்பின் எந்த முள் எங்கே ஊன்றியது என்பதைச் சொன்னார். அவர் குறித்த திங்கள் நவம்பர். அது ஐப்பசி கார்த்திகை அடைமழைக் காலம், பனையின் சொரசொரப்பான அடிமரத்தில் மழைநீர் வழிந்தோடும் காலம், நீரோட்டத்தை எதிர்த்து ஏறும் மீன்கள் குளத்தை விட்டுப் புறப்படும் காலம். வழிந்துவரும் நீரை வாய்க்காலென்று கருதிய ஒரு மீன் ஐந்தடி ஏறியிருக்கக் கூடாதா? இது நம் ஊகம். மெய்ப்பிக்க நம்மிடம் எதுவுமில்லை. தரையில் நடப்பது உறுதி. பனையில் ஏறியதற்கு ஒரே ஒரு கண்சாட்சி. இவ்வளவே நேர்மையாகச் சொல்லத்தக்கது.

சாட்சி என்றதும் குறுந்தொகையில் கபிலர் பாடிய ஒரு குருகு நினைவுக்கு வருகிறது. களவு மணம் நிகழ்ந்தபோது அருகில் இருந்த ஒரே உயிர் அது. அதன் கண்ணோ ஓடும் நீரில் ஆரல்மீனைத் தேடிக்கொண்டிருந்தது. மீனைப் பார்த்த குருகு மனிதரைப் பார்க்கவில்லை என்பது அத்தலைவியின் துயரம். நம் கதையில் அது தலைகீழாகிறது. மீனைப் பார்த்த மனிதர்கள் பலர் இருந்தார்கள், பெயரும் வைத்தார்கள். அவர்களைச் சாட்சியாக அழைக்க எவருக்கும் தோன்றவில்லை.

திருத்தம்

புதுச்சேரியின் பெரிய நீர்நிலை ஊசுட்டேரி. அடுத்தது பாகூர் ஏரி. ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. பறவையைக் காக்க ஏரியைக் காக்க வேண்டும் என்பது நமக்குப் புரிந்திருக்கிறது. ஏரிக்கும் வயலுக்கும் குட்டைக்கும் இடையே மழைநாளில் நடந்துபோகும் ஈரவழியையும் காக்க வேண்டும் என்பது இன்னும் புரியவில்லை. இடையில் மனைப்பிரிவும் மதில்சுவரும் தார்ச்சாலையும் வந்தபின், இதயம் எவ்வளவு வலிதாயினும் மீன் எங்கே நடக்கும்? காற்றை உண்ணத் தெரிந்ததால் கழிவுநீரிலும் பிழைக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தி, வளர்ப்பதற்குத் தடை இருந்தும், நம் நீர்நிலைகளில் புகுந்து நாட்டு மீன்களைத் தின்று கொழுக்கிறது. வியப்பு என்னவென்றால், நம் பனையேறியே நியூகினியைக் கடந்து ஆஸ்திரேலியாவின் வடகோடித் தீவுகளான சாய்பாய், போய்கு வரை பரவி, அங்குள்ளோரை அச்சுறுத்திக்கொண்டிருக்கிறது. அங்கே வந்தேறி என்று விரட்டப்படும் மீன், இங்கே சொந்த ஊரில் வழியிழந்து நிற்கிறது.

அந்த மாணவி படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியராக இருப்பதாகக் கேள்வி. அவர் இதனைப் படிக்க நேர்ந்தால் நாம் சொல்ல வேண்டியது இது: அம்மா, அன்று நீங்கள் கேட்டது நல்ல வினா. பனையேறிக் கெண்டை நாம் நடத்திய பாட்டில் வரவில்லை. ஆனால் அது தரையில் நடக்கும், காற்றை உண்ணும், உண்ட காற்றை முதலில் தன் இதயத்துக்குக் கொடுக்கும். பனையில் ஏறுவதை இதே சோழமண்டலக் கரையில் 1791இல் ஒருவர் கண்டதாக எழுதிவைத்திருக்கிறார். உங்கள் தாத்தா சொன்னதை நாம் சிரித்துத் தள்ளியிருக்கக் கூடாது. அவர் அதனை எந்தக் குளக்கரையில், எந்த மழையில், எவ்வளவு உயரத்தில் கண்டார் என்று கேட்டிருக்க வேண்டும்.

அவர் இன்றும் இருந்தால், தயவுசெய்து நீங்களாவது கேட்டு எழுதிவையுங்கள்.